விழும் உடல்: வீடியோ விளையாட்டுகளில் மரணம் வரையப்பட்ட வரலாறு

1

1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் எக்சிடி நிறுவனம் 'டெத் ரேஸ்' என்ற விளையாட்டு இயந்திரமொன்றை வெளியிட்டது. காசு போட்டு ஆடும் இயந்திரம் அது. கறுப்பு வெள்ளைத் திரையில் அங்குமிங்கும் ஓடித்திரியும் குச்சி உருவங்களை விளையாடுபவர் தனது காரினால் மோத வேண்டும். மோதியதும் கிறீச்சென்று ஓர் ஓலம் கேட்கும். உருவம் நின்ற இடத்தில் சிலுவை வடிவிலான கல்லறைக் கல்லொன்று முளைக்கும். அவை மனிதர்களல்ல, பூதங்கள்தாம் என்று நிறுவனம் சமாதானம் சொன்னது. ஆயினும் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் தொலைக்காட்சியிலும் பெரும் கண்டனம் எழுந்தது. வீடியோ விளையாட்டின் வன்முறை குறித்து எழுந்த முதலாவது பெரிய சர்ச்சை இதுவே எனலாம்.

இன்று அந்தத் திரையைப் பார்ப்பவருக்குச் சிரிப்புத்தான் வரும். அந்த உருவங்களுக்கு முகமில்லை, இரத்தமில்லை, விழுவதற்கு ஓர் உடல்கூட இல்லை. ஆனால் ஒன்று இருந்தது: கல்லறை. கொல்லப்பட்டது எதுவாயினும் அது அடங்கிய இடம் திரையில் குறிக்கப்பட்டது. அந்தக் கல் பின்னர் காரோட்டத்துக்குத் தடையாகவும் நின்றது. அதற்குப் பின்னர் கழிந்த ஏறத்தாழ ஐந்து தசாப்தங்களில் இக்கலைக்கு உடல் வந்தது, இரத்தம் வந்தது, எலும்பும் மூட்டும் திணிவும் வந்தன. கல்லறை மட்டும் காணாமற் போனது. இக்கட்டுரை அந்தப் பயணத்தைப் பற்றியது.

கொல்லப்படுவது மனிதனாக இருக்கக் கூடாது என்ற கூச்சம் ஆரம்பத்தில் இருந்தது. 1978இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனத்துக்காக 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' விளையாட்டை உருவாக்கிய டொமோஹிரோ நிஷிகாடோ, மனித உருவங்களைச் சுடுவது தகாது என்ற எண்ணத்தினாலேயே வேற்றுக்கிரகவாசிகளைத் தேர்ந்ததாகக் கூறியிருக்கிறார். சுடப்பட்டதும் அவை ஒரு கணம் சிதறலாய் மின்னி மறையும். 1980இல் வெளிவந்த 'பக்மேன்' ஆவியிடம் அகப்பட்டதும் வாயை அகல விரித்துத் தன்னுள்ளேயே ஒடுங்கி இல்லாமற் போகும். இவற்றில் மரணம் என்பது மறைதல் மாத்திரமே. பின்னால் எதுவும் மிஞ்சுவதில்லை.

2

உடல் வந்தது சினிமாவிலிருந்து. 1915இல் மக்ஸ் ஃபிளைஷர் ஒரு முறைக்குக் காப்புரிமை கோரினார். நடிகரைப் படம்பிடித்து, அச்சுருளைச் சட்டகம் சட்டகமாகக் கண்ணாடியில் விழச்செய்து, அதன்மேல் கோடிழுத்துக் கேலிச்சித்திர உருவமாக்கும் முறை அது. எழுபது ஆண்டுகளின் பின்னர் ஜோர்டன் மெக்னர் என்ற இளைஞர் அதே முறையைச் சொந்தக் கணினிக்குக் கொண்டுவந்தார். 1985இல் தனது தம்பிக்கு வெள்ளை உடை அணிவித்து, ஓடவும் பாயவும் தொங்கவும் செய்து வீடியோவில் பதிவு செய்தார். வாட்போருக்கு 1938இன் 'றொபின் ஹூட்' திரைப்படத்தின் சண்டைக் காட்சி உதவியது. இவற்றிலிருந்து பிறந்ததே 1989இல் வெளியான 'பிரின்ஸ் ஒஃப் பேர்சியா'.

ஆயிரத்தொரு இரவுகளின் சாயலில் அமைந்த அந்த விளையாட்டில் வில்லனாக வருபவன் ஜஃபார் என்ற வஸீர். அப்பெயரின் மூலமாகக் கருதத்தக்க ஜஃபர் அல்-பர்மகீ, ஹாரூன் அர்-ரஷீதின் கட்டளைப்படி 803இல் கொல்லப்பட்டு, உடல் கூறாக்கப்பட்டுப் பக்தாதின் பாலங்களில் காட்சிக்கு வைக்கப்பட்டார் என்று வரலாறு கூறுகிறது. சடலத்தைக் காட்சிப்படுத்துவது கணினியோடு தொடங்கியதொன்றல்ல என்பதை நினைவூட்டவே இதை இங்கு குறிப்பிடுகிறேன்.

மெக்னரின் இளவரசன் முட்களில் விழுந்து குத்துண்டான். தாடைபோல மூடும் கத்திகளுக்கிடையில் இரண்டாகப் பிளந்தான். அந்தக் காட்சி விளையாடியவர்களை உண்மையாகவே திடுக்கிடச் செய்தது. காரணம் இரத்தமன்று. அதற்கு முந்திய கணம்வரை அவன் ஒரு மனிதப் பையனைப் போல ஓடினான், விளிம்பில் தடுமாறினான், மூச்சுவாங்குவது போல நின்றான். உயிரோடிருந்ததை நம்பியதனாலேயே செத்ததையும் நம்ப முடிந்தது. இக்கலையின் வரலாற்றில் இதுவொரு முக்கிய பாடம். பின்வந்தவர்கள் இதனைப் பெரும்பாலும் மறந்துபோனார்கள்.

1992இன் 'மோர்டல் கொம்பட்' நடிகர்களின் உருவங்களை நேரடியாகவே பதிவு செய்து திரையில் ஏற்றியது. தோற்றுத் தள்ளாடி நிற்பவனை எப்படிக் கொல்வது என்பது வென்றவனுக்குரிய பரிசாக்கப்பட்டது. தலையை முள்ளந்தண்டோடு பிடுங்கியெடுக்கும் காட்சி அதில் பெயர்பெற்றது. வீட்டுக் கருவிகளுக்கு அது வந்தபோது நின்டெண்டோ பதிப்பில் இரத்தம் சாம்பல் நிற வியர்வையாக மாற்றப்பட்டது. சேகா பதிப்பில் ஓர் இரகசியக் குறியீட்டை அழுத்தினால் இரத்தம் வந்தது. 1993 டிசெம்பரில் அமெரிக்க செனட்டில் ஜோ லீபர்மன், ஹேர்ப் கோல் ஆகியோர் முன்னின்று விசாரணை நடத்தினர். 1994இல் விளையாட்டுகளுக்கு வயதுத் தரம் குறிக்கும் சபை அமைக்கப்பட்டது.

அதே 1993 டிசெம்பரில் 'டூம்' வெளியானது. அதன் பூதங்கள் சிலவற்றைக் களிமண்ணில் செய்து படம்பிடித்திருந்தனர். கொல்லப்பட்டவை மறையாமல் கிடந்தன என்பது அதன் சிறப்பு. ஆனால் அவை தட்டையான படங்கள். சுற்றிச்சுற்றி எப்பக்கம் நின்று பார்த்தாலும் சடலம் பார்ப்பவரை நோக்கியே கிடக்கும். 1996இன் 'குவேக்' முப்பரிமாண உடலைத் தந்தது. ஆயினும் விழும் விதம் முன்கூட்டியே வரையப்பட்டதுதான். படிக்கட்டில் செத்தாலும் சமதரையில் செத்தாலும் ஒரே விழுதல். கால்கள் வெளியில் மிதக்கும், தலை சுவருக்குள் புதையும். உடல் எங்கே விழுகிறது என்பது உடலுக்கே தெரியாது.

1997இன் 'கோல்டன்ஐ' இதில் ஒரு படி முன்னேறியது. கையிலே பட்டால் கையைப் பிடிப்பான், காலிலே பட்டால் நொண்டுவான். அந்த விளையாட்டை நெறிப்படுத்திய மார்ட்டின் ஹொலிஸ் 2015இல் ஒரு செய்தியை வெளியிட்டார். நின்டெண்டோவின் ஷிகெரு மியமோட்டோ அப்போது தொலைநகல் அனுப்பியிருந்தாராம். கிட்ட நின்று கொல்வது அளவுக்கு மீறியிருக்கிறது, கதையும் துயரமானது. முடிவில் கதாநாயகன் வைத்தியசாலைக்குச் சென்று தான் சுட்ட எல்லோருடனும் கைகுலுக்கலாமே என்பது அவரது யோசனை. அது ஏற்கப்படவில்லை. மாறாக, பாத்திரங்களை நடிகர்களைப் போல அறிமுகம் செய்யும் காட்சியொன்று சேர்க்கப்பட்டது. இது வேடிக்கையாகப் பேசப்படுவதுண்டு. ஆனால் விழுந்தவனுக்குப் பின்னர் என்னவாகிறது என்று அக்கலையின் முதன்மையான படைப்பாளி ஒருவர் கேட்டார் என்பதே இதில் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

3

விழுதலை முன்கூட்டி வரையாமல் விழும் கணத்திலேயே கணித்தால் என்ன? இந்தக் கேள்விக்கான விடையே 'றாக்டோல்' எனப்படும் துணிப்பொம்மை முறை. 1998இல் டைனோசர்களைக் கொண்ட 'ட்ரெஸ்பாசர்' அதனை முயன்று வணிகத்தில் படுதோல்வி கண்டது. அதனை வெற்றிகரமாகச் செய்து, எப்படிச் செய்வதென்று உலகுக்கும் விளக்கியவர் டென்மார்க்கின் ஐஓ இன்டரெக்டிவ் நிறுவனத்தைச் சேர்ந்த தோமஸ் யாகொப்சன். அவரது நிரல் 2000இல் வெளியான 'ஹிட்மேன்' விளையாட்டில் பயன்பட்டது. 2001இல் விளையாட்டு உருவாக்குநர் மாநாட்டில் அதுபற்றிய ஆய்வுரையை அவர் முன்வைத்தார்.

அதன் அடிப்படை எளிமையானது. தலை, தோள், முழங்கை, இடுப்பு, முழங்கால் போன்ற இடங்களில் துணிக்கைகளை வைக்க வேண்டும். அவற்றை நீளம் மாறாத கோல்களால் இணைக்க வேண்டும். ஒவ்வொரு துணிக்கையும் இப்போது எங்கேயுள்ளது, சற்று முன்னர் எங்கேயிருந்தது என்ற இரண்டை மட்டுமே கணினி நினைவில் வைக்கிறது. அவ்விரண்டின் வித்தியாசமே வேகம். ஈர்ப்பைச் சேர்த்துத் துணிக்கைகளை நகர்த்தியதும் கோல்களின் நீளம் பிழைத்துப்போகும். அப்போது ஒவ்வொரு கோலாக எடுத்து அதன் இரு முனைகளையும் இழுத்தோ தள்ளியோ திருத்த வேண்டும். ஒன்றைத் திருத்தினால் மற்றொன்று சற்றுப் பிழைக்கும். திரும்பத் திரும்பச் செய்யப் பிழை தேய்ந்துவிடும். பூரண துல்லியம் வேண்டியதில்லை. கண்ணுக்குச் சரியாகப்பட்டால் போதும்.

இக்கணித முறைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1907இல் நோர்வேயின் கார்ல் ஸ்டோர்மர், துருவ வானில் தோன்றும் ஒளியை விளக்க, மின்னேற்றமுள்ள துணிக்கைகளின் பாதையை இதே வழியில் கணித்தார். 1967இல் பிரான்ஸின் லூ வெர்லே, ஆர்கன் அணுக்களை ஒத்த 864 துணிக்கைகளின் இயக்கத்தைக் கணினியில் ஆராய இதனைக் கையாண்டார். இன்று அவர் பெயராலேயே இது வழங்குகிறது. வான ஒளிக்கும் அணுக்களுக்கும் பயன்பட்ட கணக்கு, சுடப்பட்ட மனிதன் படிக்கட்டில் உருள்வதற்கும் பயன்பட்டது.

'ஹிட்மேன்' கூலிக்கொலைகாரன் ஒருவனின் கதை. கொன்ற உடலைப் பிறர் காணாமல் இழுத்துச்சென்று ஒளிக்க வேண்டும். இழுபடும் உடலின் கையும் காலும் தரையில் தேய்ந்து, வாசற்படியில் தட்டி, வளைவில் திரும்ப வேண்டும். ஆக, இத்தொழினுட்பம் முதன்முதலாகக் கச்சிதமாகச் செய்து காட்டியவற்றுள் ஒன்று சடலத்தை மறைக்கும் வேலை.

அதன் பின்னர் இது வேகமாகப் பரவியது. டப்ளினில் 1998இல் தொடங்கப்பட்ட ஹவொக் நிறுவனம் பௌதிக மென்பொருளை ஆயத்தமாகவே விற்றது. 2003இல் 'மக்ஸ் பெய்ன் 2', 2004இல் 'ஹாஃப் லைஃப் 2' என்பன அதனைக்கொண்டு உடல்களை வீழ்த்தின. ஒவ்வொரு உடலும் வெவ்வேறு விதமாக விழுந்தது. இரண்டு மரணங்கள் ஒன்றுபோல் இருக்கவில்லை. மெய்ம்மை கைக்கெட்டிவிட்டதாகவே பலரும் நம்பினர்.

ஆனால் விளையாடியவர்கள் சிரித்தார்கள். துணிப்பொம்மை உடல்கள் கைகால் பின்னிக் கிடப்பதும், ஒரு சிறு தட்டலில் எகிறிப் பறப்பதும் நகைச்சுவையாகின. 'ஹாஃப் லைஃப் 2'இன் இறுதிக் கட்டத்தில் படைவீரர்களைத் தூக்கிவீசும் ஆயுதமொன்றே விளையாடுபவர் கையில் கொடுக்கப்படுகிறது. ஏன் இந்தச் சிரிப்பு? இம்முறையில் உயிர் போகும் கணத்தில் தசைகளின் பிடி ஒரேயடியாக அறுக்கப்படுகிறது. அதற்கு முந்திய கணம் வரை மனிதன்; அடுத்த கணம் துணிமூட்டை. உண்மையில் சுடப்பட்டவர் பெரும்பாலும் அப்படிச் சாய்வதில்லை. தடுமாறுவார், கையூன்றுவார், பிடிமானம் தேடுவார். நாம் சக்கராத்து என்று சொல்லும் அந்த நேரத்துக்குத் துணிப்பொம்மையில் இடமில்லை. பௌதிகவியல் சடலத்தின் பாரத்தைச் சரியாகச் சொன்னது. மரணத்தைச் சொல்லவில்லை.

இக்குறையை உணர்ந்தவர் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வாளராக இருந்த டோர்ஸ்டன் ரைல். கணினி உருவங்களுக்குத் தசையும் நரம்புமண்டலமும் அமைத்து, பரிணாம முறையினால் நடக்கக் கற்பித்தவர். அவர் 2001இல் இணைந்து தொடங்கிய நச்சுரல்மோஷன் நிறுவனத்தின் 'யூஃபோரியா' என்ற மென்பொருள் 2008இல் 'கிராண்ட் தெஃப்ட் ஒட்டோ 4'இல் பயன்பட்டது. அதில் விழுபவர்கள் விழாமலிருக்க முயன்றார்கள். தள்ளாடி ஒரு கம்பத்தைப் பற்றினார்கள், கைகளால் தலையைக் காத்தார்கள். பார்ப்பதற்கு அச்சமூட்டுவதாக இருந்தது. வாழ விரும்பும் உடலைக் காட்டியதே அதற்குக் காரணம். மெக்னரின் பாடம் பத்தொன்பது ஆண்டுகளின் பின்னர் வேறு வழியால் திரும்பி வந்தது.

4

எப்படி விழுகிறது என்பதோடு இவ்வரலாறு முடிவதில்லை. விழுவது யாருடைய உடல் என்ற கேள்வி இருக்கிறது. 2001 செப்டெம்பருக்குப் பின்னர் போர் விளையாட்டுகளில் விழுந்த உடல்களிற் கணிசமானவை அறபு உடல்களாகவும் ஆப்கான் உடல்களாகவும் இருந்தன.

2007இல் வெளியான 'கோல் ஒஃப் டியூட்டி 4' இதற்குத் தகுந்த உதாரணம். அதன் கதையின் ஒரு பகுதி மத்திய கிழக்கு நாடொன்றில் நடக்கிறது. அந்நாட்டுக்குப் பெயரில்லை. ஆரம்பத்தில் அந்நாட்டு ஜனாதிபதியின் கண்களினூடாக அவரது மரணதண்டனையை நாம் காண்கிறோம். அவரது பெயர் அல்-ஃபுலானி. 'ஃபுலான்' என்றால் இன்னார் என்பது இவ்விதழின் வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பெயரற்ற நாட்டின் ஜனாதிபதி 'இன்னார்'! பின்னர் அணுகுண்டு வெடிப்பில் சிக்கிய அமெரிக்க வீரனாக நாம் தவழ்ந்து, எழுந்து, விழுந்து, மெல்ல இறக்கிறோம். அவனுக்குப் பெயர் உண்டு, மூச்சொலி உண்டு, சாவதற்கு நேரம் உண்டு. அவன் கையால் அந்நகரில் முன்னர் விழுந்த நூற்றுக்கணக்கானோருக்கு இருந்தது துணிப்பொம்மையின் ஒரு விநாடி மாத்திரமே.

அதே விளையாட்டில், ரஷ்யாவில் நிகழும் ஒரு கட்டத்தில், உயரப் பறக்கும் இராணுவ விமானத்திலிருந்து விளையாடுபவர் சுடுகிறார். வெப்பத்தைக் காட்டும் திரையில் மனிதர்கள் சிறு வெண்புள்ளிகள். குண்டு விழுந்ததும் புள்ளி அசைவற்றுப்போகும். விமர்சகர் பலர் இதனை மிக மெய்ம்மையான போர்க்காட்சி என்றனர். அது சரிதான். 2007 ஜூலை 12இல் பக்தாதில் அமெரிக்க ஹெலிகொப்டரிலிருந்து சுட்டுக்கொல்லப்பட்டவர்களில் ரொய்ட்டர்ஸ் ஊடகவியலாளர் நமீர் நூர்-எல்தீன், அவரது உதவியாளர் சயீத் ச்மாக் ஆகியோரும் அடங்குவர். 2010 ஏப்ரலில் விக்கிலீக்ஸ் வெளியிட்ட அச்சம்பவத்தின் ஒளிப்பதிவும் நிறமற்ற, தொலைவான, முகங்கள் தெரியாத காட்சிதான். முப்பது ஆண்டுகள் உழைத்து உடலை உருவாக்கிய கலை, மிக மெய்ம்மையான கணத்தில் 1978இன் புள்ளிக்கே திரும்பியது. ஆனால் நிஷிகாடோவின் புள்ளி மனிதனாக இருக்கக் கூடாதென்ற கூச்சத்தில் பிறந்தது. இந்தப் புள்ளி மனிதனே.

இதற்கு மறுமொழிகள் எழுந்தன. 2001இல் டமஸ்கஸின் தாருல் ஃபிக்ர் பதிப்பகம் பலஸ்தீன இன்திஃபாதாவை மையமாக வைத்து 'சாம்பலின் கீழ்' என்று பொருள்படும் விளையாட்டை வெளியிட்டது. ரத்வான் கஸ்மிய்யா அதனை உருவாக்கியவர்களில் முதன்மையானவர். 2005இல் 'முற்றுகையின் கீழ்' தொடர்ந்தது. பொதுமக்களைக் கொன்றால் ஆட்டம் முடிந்துவிடும் என்பது 'சாம்பலின் கீழ்' வகுத்த விதி. தொழினுட்பத்தில் அவை எளிமையானவை. விழும் உடலுக்கு முகம் கொடுப்பதே அவற்றின் நோக்கமாயிருந்தது. எனினும் துப்பாக்கியின் பின்னால் நின்று பார்க்கும் பார்வையை அவையும் கைவிடவில்லை.

அதைக் கைவிட்டது 2016இன் 'லைலாவும் போரின் நிழல்களும்'. நப்லுஸைச் சேர்ந்த ரஷீத் அபூ ஈதா 2014இன் காஸாப் போரைப் பின்னணியாகக்கொண்டு அதனை ஆக்கினார். விளையாடுபவர் ஒரு தந்தை. சுடுவதற்கு எதுவுமில்லை, குடும்பத்தைக் காப்பாற்ற ஓட மட்டுமே முடியும். உருவங்கள் வெறும் கருநிழல்கள். மூட்டுமில்லை, திணிவுமில்லை. அப்பிள் நிறுவனம் இது விளையாட்டல்ல என்று முதலில் அப்பிரிவில் சேர்க்க மறுத்தது. எதிர்ப்பு எழுந்த பின்னரே ஏற்றது. அந்த நிழற்சிறுமியின் முடிவு, கோடிக்கணக்கான டொலர் செலவில் உருவான எந்த விழுதலைவிடவும் நெஞ்சில் தங்குகிறது. ஏனெனில் அவளுக்குப் பெயர் உண்டு, அவளைத் தேடி ஓடிவரும் தகப்பன் உண்டு.

5

அண்மைய ஆண்டுகளில் பெருநிறுவனங்களும் இதனை ஓரளவு உணர்ந்திருக்கின்றன. 2020இன் 'த லாஸ்ட் ஒஃப் அஸ் 2'இல் ஒருவன் விழுந்ததும் அவனது தோழன் பெயர் சொல்லி அலறுகிறான். 2018இன் 'ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2'இல் கைவிடப்பட்ட சடலங்கள் நாளடைவில் அழுகுகின்றன. ஆனால் பெரும்பாலான விளையாட்டுகளில் இன்னமும் சடலம் சற்று நேரத்தில் காற்றில் கரைகிறது. கணினியின் நினைவகத்தை மிச்சப்படுத்தவே இவ்வேற்பாடு. அடுத்தவன் விழுவதற்கு இடம் தேவை.

எமது மரபில் மரணித்தவரின் உடலுக்கு உரிமைகள் உண்டு. குளிப்பாட்ட வேண்டும், கபனிட வேண்டும், தொழுவிக்க வேண்டும், தோளில் சுமந்து அடக்க வேண்டும். யாரும் செய்யாவிட்டால் ஊர் முழுவதும் குற்றவாளி. மையித்தைச் சிதைப்பதை உயிரோடிருப்பவரைச் சிதைப்பதற்கு ஒப்பாகவே நபிவழி கருதுகிறது. 2020 மார்ச் இறுதியிலிருந்து 2021 பெப்ரவரி வரை கொவிட் தொற்றினால் மரணித்த எமது ஜனாஸாக்கள் இந்நாட்டில் கட்டாயமாக எரிக்கப்பட்டபோது, உயிரற்ற உடலுக்கும் உரிமை உண்டென்று நீதிமன்றம்வரை சென்று வாதாடியவர்கள் நாம். ஆகவே விழும் உடலைப் பற்றிய இவ்வரலாற்றை எமது பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. விளையாட்டைத் தடைசெய்யச் சொல்வதும் என் நோக்கமன்று. அவர்கள் பார்த்துப் பழகும் மரணத்தில் எது உண்டு, எது இல்லை என்று நாம் அறிந்திருக்க வேண்டும்.

2017இல் கனடாவின் லோண்ட்றி பெயர் கேம்ஸ் என்ற சிறு குழு 'எ மோர்டிஷன்ஸ் டேல்' என்ற விளையாட்டை வெளியிட்டது. விளையாடுபவர் அதில் ஈமக்கிரியை நிலையமொன்றின் பணிப்பெண். கொண்டுவரப்படும் உடலைக் கழுவி, ஆயத்தம் செய்து, பின்னர் இறுதிச் சடங்கில் நின்று உறவினர்களின் பேச்சைக் கேட்க வேண்டும். அங்கு செய்யப்படும் கிரியைகள் எம்முடையவை அல்ல. உடல் அதில் விழுவதேயில்லை. அசையாமல் கிடக்கிறது. ஒருவர் அதன் கையை எடுத்து மெல்லத் துடைக்கிறார்.

1976இன் அந்தக் குச்சி உருவத்துக்கு உடலில்லாமல் ஒரு கல்லறை கிடைத்திருந்தது. அதன் பின்னர் விழுந்த கோடானுகோடி உடல்களில் மிகச் சிலவற்றுக்கே அது வாய்த்திருக்கிறது. எப்படி விழ வேண்டும் என்பதைக் கணக்கிடக் கற்றவர்கள், விழுந்தவரை எப்படித் தூக்குவது என்பதை இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறார்கள்.